ஆபத்தாக முந்தும் வண்டிகளைச் சமாளிப்பது எப்படி? லாரி ஓட்டுநருக்கான முழுமையான வழிகாட்டி

பின்னாலிருந்து முந்துபவர், எதிரிலிருந்து நம் பக்கம் ஏறி வருபவர், இடது பக்கம் நுழைபவர் என்று மூன்று வகை உண்டு. ஆறு சக்கர வண்டி, டாரஸ் எனப்படும் பல சக்கர லாரி, டிரெய்லர் எதை ஓட்டினாலும் ஒரு நாளில் மூவரையும் பார்த்தாக வேண்டும். தமிழ்நாட்டின் இருவழிச் சாலைகளையும் நாலுவழிச் சாலைகளையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

ஹெவி லைசென்ஸ் எடுத்து லோடு வண்டியில் ஏறிய புதிதில் பலரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். கார் பக்கத்தில் வந்து, எதிரில் இன்னொரு வண்டியும் தெரிந்த பிறகுதான் என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். லோடு வண்டி ஆக்ஸிலேட்டரை விட்டு 60-லிருந்து 50-க்கு இறங்கவே பல வினாடி ஆகும். கார்க்காரர் மாட்டிக்கொள்வதும் தப்பிப்பதும் அந்த நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் நம் வேலையில் பெரும்பங்கை அவர் வலது பக்கம் எடுப்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசையும் அதை ஒட்டியதுதான்.

1. லாரி செட்டை விட்டுக் கிளம்பும் முன்

முதலில் கண்ணாடி. சீட்டையும் ஸ்டீயரிங்கையும் சரிசெய்த பிறகே கண்ணாடியைத் தொடுங்கள். முன்னால் செய்தால் மறுபடி செய்ய வேண்டிவரும். பெரிய கண்ணாடியின் உள்விளிம்பில் பாடியின் பக்கவாட்டு ஒரு மெல்லிய பட்டையாகத் தெரிய வேண்டும். பின்சக்கரம் தரையைத் தொடும் இடமும் தெரிய வேண்டும். பாடி பாதிக் கண்ணாடியை அடைத்துக்கொண்டால், பக்கத்தில் வரும் காரின் பாதியை இழக்கிறோம்.

பிறகு ஒரு சோதனை. உடன் வரும் உதவியாளரான கிளீனரைத் துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பம்பரிலிருந்து வலது பக்கமாகக் கேபின் வரை மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள். "அண்ணே, இங்க தெரியுறனா? இங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டே வரட்டும். எந்த இடத்தில் பெரிய கண்ணாடியிலிருந்து மறைகிறார், எந்த இடத்தில் குவிகண்ணாடியிலும் மறைகிறார், எப்போது ஜன்னல் வழியாகத் தெரிகிறார் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இடது பக்கமும் இதே போல. இடது கதவை ஒட்டி ஒரு பைக் முழுசாக மறைந்துபோகும் என்பதை இப்படிப் பார்த்தால்தான் நம்பத் தோன்றும். ஐந்து நிமிட வேலை. வண்டி மாறும்போதெல்லாம் மறுபடி செய்ய வேண்டும்.

அடுத்து பின்விளக்கு. பிரேக் விளக்கு இரண்டும் எரிகிறதா, தார்ப்பாய்க் கயிறு விளக்கின் மேல் தொங்குகிறதா, ஒளிரும் பட்டையில் சேறு அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்பதுதான் பட்டையின் முறை. பக்கவாட்டு மஞ்சளைத் துடைப்பவர்கள் குறைவு. வண்டி எவ்வளவு நீளம் என்று இரவில் முந்த வருபவருக்குச் சொல்வது அதுதான்.

கடைசியாக பிரேக். ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்து விடுங்கள். காற்று முழுதாக ஏறிய பிறகு, ஆளில்லாத இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்து, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் கார் இருக்கும்போது நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதைப் பற்றி பின்னால் வருகிறது. வலது பக்கம் இழுக்கும் வண்டியில் அது நடக்காது.

2. முன்னால் இடம் விடுங்கள்

வழிகாட்டி முழுவதிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். நம் லாரி 11 மீட்டர் நீளம், 60-ல் போகிறது. 4 மீட்டர் நீளமுள்ள கார், 15 மீட்டர் பின்னாலிருந்து 90-ல் எடுத்து, நமக்கு 15 மீட்டர் முன்னால் போய்ச் சேருகிறது. நம்மோடு ஒப்பிட்டால் அது கடக்க வேண்டியது 45 மீட்டர். வேக வித்தியாசம் 30 என்பதால் சுமார் ஐந்தரை வினாடி ஆகும். அந்த நேரத்தில் கார் 135 மீட்டர் ஓடும். எதிரில் 80-ல் வரும் வண்டி 120 மீட்டர் வந்திருக்கும். ஆக மொத்தம் 255 மீட்டர் காலியாக இருந்தால்தான் அவர் தப்பிப்பார்.

இப்போது நமக்கு 20 மீட்டர் முன்னால் இன்னொரு லாரி ஒட்டிப் போகிறது என்று வையுங்கள். நடுவில் நுழைய இடமில்லை. இரண்டையும் சேர்த்தே கடக்க வேண்டும். ஐந்தரை வினாடி ஒன்பதாகிவிடும். 255 மீட்டர் 430 ஆகிவிடும். முந்தியவரின் தவறு அதேதான். சாவு அருகில் வந்ததற்குக் காரணம் நாம் முன்வண்டியை ஒட்டிப் போனது.

ஆகவே முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நாலு வினாடி இடைவெளி. 60-ல் அது 65 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது, வினாடியை எண்ணலாம். முன்வண்டி ஒரு மரத்தையோ போர்டையோ தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணத் தொடங்குங்கள். நாலு முடிவதற்குள் நீங்கள் அதே இடத்துக்கு வந்துவிட்டால் ஒட்டிப் போகிறீர்கள்.

இந்த இடைவெளி நமக்கே தேவைதான். லோடு வண்டி 60-ல் இருந்து நிற்க, கால் எடுத்து வைக்கும் நேரமும் காற்று பிரேக் வரை போய்ச் சேரும் நேரமும் சேர்ந்து 25 மீட்டர், பிறகு பிரேக் பிடித்து நிற்க 30 மீட்டருக்கு மேல் என்று காய்ந்த சாலையிலேயே 55 முதல் 60 மீட்டர் ஆகும்.

"இடம் விட்டால் ஒவ்வொருத்தனாக நுழைந்துகொண்டே இருப்பான், ஊர் போய்ச் சேர முடியாது" என்பது பழைய டிரைவர்கள் சொல்வது. நுழையத்தான் செய்வார்கள். ஒருவர் நுழைந்தால் நாம் சுமார் 33 மீட்டர் பின்வாங்க வேண்டும். 60 வேகத்தில் அது இரண்டு வினாடி. ஒரு டிரிப்பில் நூறு பேர் நுழைந்தாலும் போவது மூன்றரை நிமிடம். ஒரு டீக்கடை நிறுத்தத்தில் அதைவிட அதிகம் போகிறது.

இரண்டு மூன்று லாரி ஒரே செட்டிலிருந்து சேர்ந்து போகும்போதுதான் இந்தத் தவறு அதிகம். பேச்சுத்துணைக்காக ஒட்டிப் போகாதீர்கள். போனில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

3. பின்னால் வருபவர் யார் என்று படியுங்கள்

எட்டு பத்து வினாடிக்கு ஒருமுறை வலது கண்ணாடி, பிறகு இடது. பின்னால் ஒரு வண்டி பெரிதாகிக்கொண்டே வந்து, வலது பக்கம் மூக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்தால் அவர் பொறுமை இழந்துவிட்டார் என்று அர்த்தம். அடுத்த சின்ன இடைவெளியிலேயே எடுப்பார்.

நாலுவழி அல்லாத சாலையில் சரக்கு வண்டிக்கு 60, காருக்கு 70 என்பது மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்ச வேகம். சட்டப்படி ஓட்டும் கார் நம்மை முந்த வேண்டுமானால் வெறும் 10 வித்தியாசத்தில்தான் முந்த வேண்டும். அதற்கு 16 வினாடி ஆகும். அதனால் இருவழிச் சாலையில் நாம் 60-ல் போகும்போது முந்துகிற அநேகமாக எல்லோருமே வரம்பை மீறித்தான் முந்துகிறார்கள். வேகம் குறைத்துக் கொடுத்தால் அவர்களுக்கும் லாபம், நமக்கும் லாபம்.

மூன்று பேரைத் தனியாகக் கவனியுங்கள். முதலாவது, டைமிங்குக்கு ஓடும் தனியார் பஸ். நம்மை முந்தி, அடுத்த ஸ்டாப்பில் நம் முகத்துக்கு நேரே நிற்பார். பஸ் பின்னால் வரும்போதே முன்னால் நிழற்குடை, ஆட்கள் கூட்டம், சின்ன கடைவீதி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அவர் முந்தத் தொடங்கும்போதே கால் ஆக்ஸிலேட்டரை விட்டு வந்துவிட வேண்டும். இரண்டாவது, ஒரு காரின் வாலைப் பிடித்து வரும் இன்னொரு கார். முதல் கார் போனதும் ஆபத்து முடிந்தது என்று நினைத்து வேகம் ஏற்றுவார்கள் புதியவர்கள். எதிர் வண்டியைப் பார்க்காமலே எடுப்பது அந்த இரண்டாமவர்தான். மூன்றாவது, இரண்டு பக்கமும் மாறி மாறி வரும் பைக். வலது கண்ணாடியில் காணாமல் போனால் இடது பக்கம் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. சைடு கொடுக்கும் வரிசை

முந்துவதற்கு ஆள் தயார் என்று தெரிந்ததும் இந்த வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பலன் போய்விடும்.

அ. முன்னால் பாருங்கள். வளைவு, பாலம், மேடு, எதிர் வண்டி எதுவும் இல்லையா?

ஆ. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கைத் தொட வேண்டாம். பிரேக் விளக்கு எரிந்தால், நாம் எதையோ பார்த்து நிற்கிறோம் என்று நினைத்து அவரும் தயங்குவார். தயங்கியவர் பாதியில் நிற்பார்.

இ. இருக்கும் லேனிலேயே, இடது வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே, அரை மீட்டர் இடது பக்கம் மெதுவாக வாருங்கள். கண்ணாடியில் இடது பக்கம் பைக் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான்.

ஈ. கோட்டைப் பிடித்து நேராக நில்லுங்கள். கார் பக்கத்தில் இருக்கும்போது சின்ன அசைவும் அவரை மிரட்டும்.

உ. அவர் முன்னால் போய், காரின் பின்சக்கரம் சாலையில் படுவது நம் சீட்டிலிருந்து தெரியும் வரை வேகம் ஏற்றாதீர்கள்.

60-ஐ 50 ஆக்கினால் என்ன கிடைக்கும்? முன்பு சொன்ன அதே கார் ஐந்தரை வினாடிக்குப் பதில் நாலு வினாடியில் கடந்துவிடும். 255 மீட்டருக்குப் பதில் 190 மீட்டர் போதும். நம் கால் செய்த வேலை 65 மீட்டர்.

முந்த விடாமல் வேகம் ஏற்றுவது வீரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முந்தப்படும் வண்டி வேகம் ஏற்றவோ வேறு வகையில் தடுக்கவோ கூடாது என்று 2017-ம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. டேஷ்கேம் காலத்தில் அது எதிர் வண்டியின் கேமராவிலும் பதிவாகும்.

5. "வா" என்று இண்டிகேட்டர் போடாதீர்கள்

நல்ல மனதோடு செய்யும் தவறுகளில் இதுவே பெரியது. பின்னால் வருபவருக்கு வழி காட்டுவதாக வலது இண்டிகேட்டரையோ இடது இண்டிகேட்டரையோ போடுவது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வேறு அர்த்தம் கொண்டது. ஒருவருக்கு வலது இண்டிகேட்டர் என்றால் "தாராளமாக வா". இன்னொருவருக்கு "எதிரில் வண்டி, வராதே". மூன்றாமவருக்கு அது சட்டத்தில் உள்ள அர்த்தம்: "நான் வலது பக்கம் திரும்பப் போகிறேன்".

இன்னொன்று. நாம் "வா" என்று சொல்லி அவர் வந்து மோதினால், எதிர் வண்டியின் வேகத்தை நாம் கணித்ததை நம்பி அவர் வந்திருக்கிறார். அந்தப் பொறுப்பு நமக்கு வேண்டாம். வேகத்தைக் குறைத்து இடம் கொடுங்கள். எடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவாக இருக்கட்டும். கையை வெளியே நீட்டி ஆட்டும் பழக்கத்துக்கும் இதே பதில்தான்.

எதிரில் வண்டி வருவது தெரிந்தும் ஒருவர் மூக்கை நீட்டினால், ஒரு நீளமான ஹாரன் கொடுங்கள். பாட்டு ஹாரன் வேண்டாம்; அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம், அதை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை என்பது இன்னொருபுறம்.

6. பக்கத்தில் கார், எதிரில் வண்டி

முதலில் சாலையின் அகலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண இருவழிச் சாலையில் தார் 7 மீட்டர். லாரி ஒன்று சுமார் இரண்டரை மீட்டர். நாமும் எதிர் லாரியும் 5 மீட்டரை எடுத்துக்கொண்டால், நடுவில் வரும் கார் 1.7 மீட்டர். மீதி 30 சென்டிமீட்டர். மூன்று வண்டி ஒரே வரிசையில் நிற்க அங்கே இடமே கிடையாது. இரு ஓரமும் ஒன்றரை மீட்டர் தார் போட்ட 10 மீட்டர் சாலை என்றால் இடம் உண்டு. எந்தச் சாலையில் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இனி, காரின் மூக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

மூக்கு நம் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருந்தால், பிரேக் பிடிக்காதீர்கள். அவர் பின்வாங்கப் போகிறார். இரண்டு பேரும் சேர்ந்து வேகம் குறைத்தால், பின்வாங்க வேண்டியவர் நம் பக்கத்தில் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்வார். ஏறவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதே வேகத்தில் நேராகப் போங்கள். அவர் நம் வாலுக்குப் பின்னால் நுழைந்துகொள்வார். நல்ல மனதுள்ள புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: உதவி செய்வதாக நினைத்து பிரேக்கை மிதித்துவிடுகிறார்கள்.

மூக்கு நம் கேபின் கதவைத் தாண்டிவிட்டால், உடனே அழுத்திப் பிரேக். அவருக்கு முன்னால் போவது தவிர வேறு வழியில்லை. எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகை வெளியேறுவதை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போடுங்கள்.

மூக்கு நடுவில், பாடியின் பக்கத்தில் இருந்தால், பானெட்டைப் பாருங்கள். பானெட் கீழே குனிந்தால் அவர் பிரேக் பிடித்துவிட்டார். நாம் வேகத்தை மாற்றாமல் போகலாம். குனியவில்லை என்றாலோ, பார்க்க நேரமில்லை என்றாலோ, பிரேக் பிடியுங்கள். காரின் பிரேக் நம் பிரேக்கைவிடச் சீக்கிரமாகவும் பலமாகவும் பிடிக்கும். இருவரும் ஒரே நேரத்தில் மிதித்தாலும் பின்னால் விழுவது கார்தான்.

பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். பழைய வண்டியில் பழகியவர்கள் விட்டு விட்டு மிதிப்பார்கள். ஏர் பிரேக்கில் ஒவ்வொரு மிதிப்புக்கும் டேங்கில் காற்று குறையும். ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் விட்டு மிதிப்பது அர்த்தமே இல்லாதது. ஏபிஎஸ் இல்லாத டிரெய்லரில் மட்டும், சக்கரம் லாக் ஆகி வால் சுற்றுவது போலத் தெரிந்தால் அழுத்தத்தைச் சற்று விட்டுப் பிடியுங்கள்.

ஸ்டீயரிங் இரண்டாவது வேலைதான். முதலில் வேகம் குறைய வேண்டும், பிறகு வெள்ளைக்கோடு வரை இடது பக்கம் மெல்ல வர வேண்டும். வெடுக்கென்று இடது பக்கம் ஒடித்தால் தப்பிப்பது கார், கவிழ்வது நாம். பஞ்சு மூட்டை, வைக்கோல் என்று உயரமாக ஏற்றிய லோடு, பாதி நிரம்பிய டேங்கர் இரண்டிலும் இன்னும் மோசம். டேங்கருக்குள் திரவம் ஒரு பக்கமாக அடித்து வண்டியை இழுக்கும்.

தாரை விட்டு மண்ணில் இறக்குவது கடைசி வழி. மழை பெய்த மண், தார் விளிம்பு கைச்சாண் ஆழத்துக்கு இறங்கியிருக்கும் இடம், மதகுச் சுவர், மைல்கல் இவை எங்கே என்று தெரியாமல் இறக்கக் கூடாது. இடது சக்கரம் தானாக இறங்கிவிட்டால் உடனே வலது பக்கம் இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் சக்கரம் விளிம்பில் உரசி, ஏறும்போது வண்டி எதிர் லேனுக்குள் பாயும். நேராக வைத்தபடியே வேகத்தைக் குறையுங்கள். நன்றாகக் குறைந்த பிறகு, விளிம்பு தணிவாக உள்ள இடத்தில் ஏற்றுங்கள்.

7. எதிரிலிருந்து நம் லேனில் ஏறி வந்தால்

நாம் 60, அவர் 90 என்றால் வினாடிக்கு 41 மீட்டருக்கு மேல் நெருங்குகிறோம். 300 மீட்டரில் பார்த்தால் ஏழு வினாடி கையில் இருக்கிறது. முதல் வினாடியில் கால் ஆக்ஸிலேட்டரை விட வேண்டும். "திரும்பிவிடுவான்" என்று காத்திருக்கக் கூடாது. கூடவே ஹெட்லைட்டை இரண்டு முறை அடியுங்கள், ஹாரனைக் கொடுங்கள், எக்ஸாஸ்ட் பிரேக் போடுங்கள், பிறகு பிரேக். அதற்கும் பிறகுதான் இடது பக்கம்.

ஒருபோதும் வலது பக்கம் ஒடிக்காதீர்கள். அவர் கடைசி நொடியில் தன் பக்கத்துக்கே திரும்புவார். நாமும் அங்கே போயிருப்போம்.

ஹெட்லைட்டைத் தொடர்ந்து எரியவிட்டு முறைப்பதும் தவறு. கண் கூசியவருக்கு இருக்கும் இடைவெளியும் தெரியாது.

8. நாலுவழிச் சாலையில் இடது பக்கம் முந்துபவர்கள்

இதில் நம் ஆட்களின் பங்கும் இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். நடுத்தடுப்பான மீடியனை ஒட்டி வலது லேனிலேயே மணிக்கணக்கில் போனால், கார்களுக்கு இடது பக்கம் தவிர வழி ஏது? இடது லேனில் எதிர்த்திசையில் வரும் பைக், நிறுத்திவைத்த வண்டி, சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று ஏறும் டிராக்டர் எல்லாம் இருக்கின்றன என்பது உண்மைதான். ஊர் வரும் இடங்களில் அதற்காக வலது பக்கம் வரலாம். ஊர் தாண்டியதும் இடது லேனுக்குத் திரும்பிவிட வேண்டும்.

லாரியை லாரி முந்துவதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 2 கிலோமீட்டர் என்றால் முழுதாக முந்தி முடிக்க ஒன்றரை நிமிடம், ஒன்றரை கிலோமீட்டர். அத்தனை நேரமும் பின்னால் பத்து கார் புழுங்கிக்கொண்டிருக்கும். 10 வித்தியாசம் இருந்தால் 19 வினாடி போதும். அந்த 10 கிடைக்கவில்லை என்றால் முந்தாதீர்கள்.

இடது லேனுக்குத் திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டு ஐந்து வினாடி காத்திருங்கள். இண்டிகேட்டர் எரிந்ததுமே இடது பக்கம் பாய்ந்து வரும் கார் அந்த ஐந்து வினாடிக்குள் கண்ணாடியில் தெரிந்துவிடும். கிளீனர் இருந்தால் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "ரைட், ரைட்" என்று பழக்கத்தில் சொல்பவரை நம்பாதீர்கள். என்ன வண்டி, எங்கே என்று சொல்பவரை நம்புங்கள்.

9. திரும்பும்போது முந்துபவர்கள்

நீளமான வண்டி வலது பக்கம் திரும்ப, முதலில் கொஞ்சம் இடது பக்கம் அகலமாக எடுக்க வேண்டியிருக்கும். பின்னால் வருபவர் கண்ணுக்கு அது சைடு கொடுப்பது போலத் தெரியும். அவர் வலது பக்கம் பாய்வார், நாமும் வலது பக்கம் ஒடிப்போம். கிராமச் சாலைப் பிரிவுகளில் நடக்கும் பல மோதல்களின் வடிவம் இதுதான்.

தீர்வு: இடது பக்கம் எடுப்பதற்கு முன்பே வலது இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருக்க வேண்டும், குறைந்தது 100 மீட்டர் முன்பிருந்து. பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட்டு விளக்கை எரியவிடுங்கள். இடது எடுப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. முடிந்தால் நடுக்கோட்டை ஒட்டியே நின்று திரும்புங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும் கடைசி நொடியில் வலது கண்ணாடியை இன்னொரு முறை பாருங்கள். ஐந்தாவது பிரிவில் சொன்ன "வா" இண்டிகேட்டர் பழக்கம் உள்ளவர்கள் இங்கே இரட்டிப்பு ஆபத்தில் இருக்கிறார்கள், ஏனென்றால் பின்னால் வருபவர் அதே விளக்கை அழைப்பாகப் படிக்கிறார்.

இடது பக்கம் திரும்பும்போது சிக்கல் பைக். திருப்பத்துக்கு 50 மீட்டர் முன்பிருந்தே இடது ஓரத்தை ஒட்டி, ஒரு பைக் நுழைய முடியாத அளவுக்கு இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒட்டித் திரும்ப முடியாத நீளமான வண்டி என்றால், நடக்கும் வேகத்துக்கு இறங்கி, கிளீனர் பார்த்துச் சொல்ல, நின்று நின்று திரும்புங்கள். சிக்னலில் பச்சை விழுந்ததும் முன்பம்பருக்குக் கீழே ஒருமுறை எட்டிப் பாருங்கள். உயரமான கேபினுக்கு நேர் முன்னால் ஸ்கூட்டர் நின்றால் சீட்டிலிருந்து தெரியாது.

10. மலைப்பாதையில்

தொப்பூரில் தர்மபுரி பக்கமிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது, முந்தி வந்து நமக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் கார்தான் பிரச்சினை. அவரால் உடனே நிற்க முடியும். 28 டன் டாரஸால் முடியாது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கில் இறங்குங்கள். பிரேக் அவசரத்துக்குக் குளிர்ச்சியாக மிச்சம் இருக்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுபவருக்கு, கார் குறுக்கே வந்தால் கையில் எதுவும் இருக்காது.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் லாரி வெளிப்பக்கமாக அகலமாக எடுக்கும். உள்பக்கம் காலியாகத் தெரியும். அங்கே ஒரு கார் மூக்கை நுழைக்கும். பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி வந்து அவரை நசுக்கும். வளைவுக்கு முன்பே ஹாரன் கொடுத்து, உள்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். மலைப்பாதையில் ஏறுபவருக்கே முன்னுரிமை. இறங்கும் கார் அதைத் தெரிந்து வைத்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

11. இரவில்

பின்னாலிருந்து முந்தத் தொடங்குபவருக்கு, எதிரில் யாரும் இல்லாதபோது, நம் பிரைட் விளக்கு சாலையைக் காட்டும். அவர் நம் கேபினைத் தாண்டியதும் டிம் செய்யுங்கள். இல்லையென்றால் அவர் கண்ணாடியில் நம் வெளிச்சம்தான் நிறைந்திருக்கும். எதிரில் வண்டி வந்தால் எப்போதுமே டிம்.

இரவில் எதிர் வண்டியின் தூரத்தைக் கணிப்பது கடினம். ஒற்றை விளக்கு தெரிந்தால் பைக் என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு ஹெட்லைட் அணைந்த லாரியாக இருக்கலாம்.

12. குறுக்கே வெட்டிய பிறகு

வெட்டியவர் பின்னால் துரத்தாதீர்கள், ஹெட்லைட்டால் அடிக்காதீர்கள். கால் ஆக்ஸிலேட்டரை விட்டு நாலு வினாடி இடைவெளியை மறுபடி உண்டாக்குங்கள். பிரேக் தேவைப்பட்டால், அதற்கு முன் பின்னால் ஒட்டி வருபவரைக் கண்ணாடியில் பாருங்கள்.

வேண்டுமென்றே முன்னால் வந்து பிரேக் பிடித்து வம்பிழுப்பவர் என்றால் முந்த முயலாதீர்கள். டோல் பிளாசா, பெட்ரோல் பங்க் போல ஆளும் கேமராவும் உள்ள இடத்தில் ஒதுங்கி, பத்து நிமிடம் விடுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033 உதவி எண்ணுக்கும் சொல்லலாம்.

13. மோதிவிட்டால்

என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நாலு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். பின்னால் 50 முதல் 100 மீட்டர் தள்ளி எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். கல்லும் மரக்கிளையும் வைத்துவிட்டு எடுக்காமல் போனால் அடுத்த விபத்துக்கு அது போதும்.

அடிபட்டவருக்கு 108. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யும் கடமையை ஓட்டுநருக்கு வைக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை இருக்கலாம் என்பதையும் அதே பிரிவு ஒப்புக்கொள்கிறது. அப்படி விலக நேர்ந்தால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விடுங்கள். அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அந்தப் பிரிவில் உள்ள கடமைதான். தப்பி ஓடியவர் என்று பெயர் வாங்கினால், தவறு முந்தியவருடையது என்று பிறகு சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள்.

வண்டிகளை நகர்த்தும் முன் படம் எடுங்கள்: இரண்டு வண்டியும் நடுக்கோடும் ஒரே படத்தில் வரும்படி ஒன்று, டயர் தேய்ந்த தடம் ஒன்று, கண்ணாடிச் சில்லு விழுந்த இடம் ஒன்று. யார் எந்த லேனில் இருந்தார்கள் என்பதை இவைதான் சொல்லும். முறைகேடாக முந்துவது 184-வது பிரிவில் ஆபத்தாக ஓட்டும் குற்றமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பெரிய வண்டிதானே, நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்று அங்கேயே பேசி முடிக்கச் சொல்பவர்களிடம் பணம் கொடுக்கவோ கையெழுத்துப் போடவோ வேண்டாம். ஓனரிடமும் இன்சூரன்ஸிலும் பேசிவிட்டுத்தான் எதுவும்.

டேஷ்கேம் இருந்தால் அதன் மின் இணைப்பை உடனே துண்டித்து மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். விபத்துக்குப் பின் ஓடவிட்டால் தேவையான நிமிடமே அழிந்துபோகலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை நம்பி மூலத்தை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவோடு பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றும் கேட்பார்கள். போலீஸ் கார்டைக் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள், அதற்கு முன் ஒரு நகல் ஓனரிடம் போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.